நீறுபூத்த நெருப்பும் ஒரு கரண்டி உமியும்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்றொரு துறைமுக நகரம். அங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டானா கிங் என்ற குடும்ப மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2007-ல் ஒரு சிறிய ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்கள் 35 பேர். ஏறக்குறைய பாதிப்பேர் ஒல்லியானவர்கள், ரத்த அழுத்தம் இல்லாதவர்கள். மற்றவர்கள் உடற்பருமனும் ரத்த அழுத்தமும் சேர்ந்தே உள்ளவர்கள். எல்லோரும் மூன்று வாரம் பழம், காய்கறி, முழுத்தானியம் நிறைந்த உணவைச் சாப்பிட்டார்கள். இன்னொரு மூன்று வாரம் வழக்கமான சாப்பாட்டோடு இசப்கோல் உமியைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு முறையிலும் நாளொன்றுக்கு உள்ளே போன நார்ச்சத்து ஏறக்குறைய ஒரே அளவுதான், 30 கிராமை ஒட்டி. உடலில் அழற்சி எந்த அளவுக்கு இருக்கிறது என்று காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம், ரத்தத்தில் உணவால் சுமார் 14 சதவீதமும் உமியால் சுமார் 18 சதவீதமும் குறைந்தது.

காய்கறி நறுக்க வேண்டாம், கேழ்வரகு அரைக்க வேண்டாம். டப்பாவைத் திறந்து கரண்டியில் அள்ளினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருந்தது. சி.ஆர்.பி. இறங்கியது பெரும்பாலும் ஒல்லியானவர்களுக்கு. பருமனானவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. மருந்து தேவைப்படாதவருக்கு வேலை செய்கிறது, தேவைப்படுபவருக்கு வேலை செய்யவில்லை.

கிங் அத்துடன் விடவில்லை. அடுத்த ஆண்டே பெரிய சோதனை ஒன்றின் முடிவு வந்தது. இம்முறை 150-க்கும் மேற்பட்டவர்கள். எல்லோருமே உடல் எடை கூடியவர்கள், சி.ஆர்.பி.யும் ஏற்கெனவே உயர்ந்திருந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 7 கிராம் இசப்கோல் நார், இன்னொரு பிரிவினருக்கு 14 கிராம், மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்து ரத்தத்தைப் பார்த்தால் மூன்று பிரிவுகளுக்கும் இடையே பேசத்தக்க வேறுபாடு இல்லை. அழற்சி இருந்த இடத்திலேயே இருந்தது.

நார்ச்சத்து மிகுதியாக உண்பவர்களிடம் அழற்சி குறைவு என்பதை மக்கள்தொகை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அப்படியானால் நாரை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தபோது ஏன் பலிக்கவில்லை? பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுக்கூடங்கள் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கின்றன. கிடைத்திருக்கும் பதில், அப்படிப் பிரித்தெடுத்த துணைநாரை விற்பவர்களுக்கும் பிடிக்காது, அதை முற்றிலும் ஏமாற்று வேலை என்பவர்களுக்கும் பிடிக்காது.

முதலில் அந்த அழற்சியைப் பற்றி. காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலித்து, சில நாளில் அடங்கிவிடும். அது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. பருமனோடு வரும் அழற்சி வேறு வகை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நீறுபூத்த நெருப்பாக ஆண்டுக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். கொழுப்பு என்றால் வெறும் சேமிப்புக் கிடங்கு என்றுதான் 1990-களின் தொடக்கம்வரை பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1993-ல் ஹார்வர்டில் கோகான் ஹோட்டமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மன் ஆகியோர் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கிறது என்றும், அதுவே இன்சுலினின் வேலைக்கு முட்டுக்கட்டை போடுகிறது என்றும் காட்டினார்கள். கொழுப்புக்கும் நோயெதிர்ப்புக்கும் இப்படியொரு உறவு இருக்கும் என்று அதற்குமுன் யாரும் பெரிதாக எண்ணியிருக்கவில்லை.

பத்தாண்டு கழித்து, 2003-ல், அமெரிக்காவின் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அடுத்த முடிச்சை அவிழ்த்தன. அழற்சிப் பொருள்களைச் சுரப்பதில் பெரும்பங்கு கொழுப்புச் செல்களுடையது அல்ல. அவற்றுக்கிடையே குடியேறிய மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் வெள்ளணுக்களுடையது. மெலிந்த உடலின் கொழுப்புத் திசுவில் பத்துச் செல்லுக்கு ஒன்றுகூட இராத இந்த அணுக்கள், மிகவும் பருத்த எலிகளில் பாதியளவுக்குப் பெருகியிருந்தன. கொழுப்புச் செல் ஓர் அளவுக்கு மேல் பெருத்தால் அதற்குப் பிராணவாயு போதாது; நலிந்து சாகும். செத்த செல்லைச் சுற்றி இந்த அணுக்கள் வளையமாக நின்று அதைத் தின்னத் தொடங்கும். அவை விடுக்கும் செய்தி ரத்தத்தின் வழியே கல்லீரலை எட்ட, கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. பரிசோதனைச்சாலையில் ‘ஹெச்.எஸ். சி.ஆர்.பி.’ என்று எழுதித்தரும் அளவு அதுதான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதயத்துக்கு ஆபத்து குறைவு, 3-க்கு மேல் போனால் அதிகம் என்பது 2003 முதல் அமெரிக்க இதயச் சங்கம் வைத்திருக்கும் வரம்பு. சளி பிடித்தாலும் பல்லில் சீழ் வைத்தாலும் இந்த அளவு எகிறும் என்பதால் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுப் பதற வேண்டியதில்லை.

இந்திய உடலுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரை அங்குள்ள வெள்ளையர்களோடு ஒப்பிட்டு 2001-ல் வெளியான ஆய்வில் இந்தியர்களுக்கு சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தது. வயிற்றுப் பருமனையும் இன்சுலின் எதிர்ப்பையும் கணக்கில் எடுத்ததும் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வரும் நம் உடல்வாகைத்தான் புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார். இந்திய ஆணுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினாலே பருமன் என்று கொள்ளும் வரம்பும் இதை ஒட்டியதுதான். எடை பார்க்கும் எந்திரத்தில் ‘சரியாக’ இருப்பவரின் உள்ளேயும் தணல் இருக்கலாம்.

நாரின் கதை வேறொரு கண்டத்தில் தொடங்குகிறது. அயர்லாந்தில் பிறந்த டெனிஸ் பர்க்கிட் உகாண்டாவின் கம்பாலாவில் அறுவை மருத்துவராக இருந்தவர். குழந்தைகளைத் தாக்கும் ஒரு புற்றுநோய் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஐரோப்பாவில் மலிந்திருந்த மலச்சிக்கல், குடல்வால் அழற்சி, பெருங்குடல் புற்றுநோய், சர்க்கரை நோய் எல்லாம் ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஏன் இவ்வளவு அரிது என்று கேட்டார். நோயாளியின் மலத்தைக்கூட எடை போட்டுப் பார்த்தவர். மேடைகளில் அதைப் பற்றிப் பேசவும் கூசாதவர். அவரும் உகாண்டாவில் அவருடன் பணியாற்றிய ஹியூ ட்ரோவெலும் 1970-களில் நார்ச்சத்தை மருத்துவ உலகின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் நார் என்ன செய்கிறது என்பதற்கு அன்று இருந்த விளக்கம் எளிமையானது: மலத்தைப் பெருக்கி, வேகமாக வெளியே தள்ளுகிறது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை, சக்கைதான்.

அது சக்கை அல்ல என்று தெரிந்தது பெருங்குடல் நுண்ணுயிர்களைப் படிக்கத் தொடங்கியபோது. நம் சிறுகுடலால் செரிக்க முடியாத மாவுப்பொருள்களில் பலவற்றை அந்த நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து உண்கின்றன. அதன் கழிவாக வருவன அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று சிறிய கொழுப்பு அமிலங்கள். நுண்ணுயிருக்குக் கழிவு, நமக்கு உணவு. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தங்கள் எரிபொருளில் பெரும்பகுதியைப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. நோயெதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் இந்த அமிலங்களைப் பிடிக்கும் வாங்கிகள் இருப்பது 2003-ல் தெரியவந்தது. அழற்சியை அடக்கும் ‘கட்டுப்பாட்டு டி செல்கள்’ பெருகுவதற்கு இவை உதவுகின்றன என்று 2013-ல் மூன்று குழுக்கள் அடுத்தடுத்து எலிகளில் காட்டின.

இன்னொரு பாதையும் உண்டு. குடல் நுண்ணுயிர்கள் பலவற்றின் உடற்சுவரில் எல்.பி.எஸ். என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அது குடலைத் தாண்டி ரத்தத்தில் சிறிதளவு கசிந்தாலும் நோயெதிர்ப்பு அமைப்பு விழித்துக்கொள்ளும். பெல்ஜியத்தின் பட்ரீஸ் கானி, எலிகளுக்கு நான்கு வாரம் கொழுப்பு மிகுந்த தீனியைக் கொடுத்தபோது ரத்தத்தில் இந்தப் பொருள் இரண்டு மூன்று மடங்காவதை 2007-ல் கண்டார். அதே அளவு எல்.பி.எஸ்.ஸை நேரடியாக உடலில் செலுத்தியபோதும் எலிகள் பருத்தன, இன்சுலினுக்கு மசிய மறுத்தன. ஆக, தணலுக்கு விறகு கொழுப்பிலிருந்து மட்டும் வருவதில்லை, குடலிலிருந்தும் வருகிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது.

குடற்சுவருக்கு மேல் வழவழப்பான சளிப்படலம் ஒன்று இருக்கிறது. நுண்ணுயிர்கள் சுவரைத் தொடாமல் காப்பது அதுதான். 2016-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எரிக் மார்ட்டென்ஸ் குழு, நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளின் குடலில் மனிதக் குடலிலிருந்து எடுத்த 14 வகை நுண்ணுயிர்களைக் குடியேற்றியது. நார் கிடைத்தவரை அவை நாரைத் தின்றன. நார் நின்றதும் சளிப்படலத்தைத் தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, பின்னர் நோய்க்கிருமி ஒன்றைக் கொடுத்தபோது அது எளிதாகச் சுவரை எட்டிவிட்டது.

பலரும் இந்த ஆய்வை இத்துடன் நிறுத்திவிட்டு, ‘நார் சாப்பிடாவிட்டால் உங்கள் குடலையே கிருமிகள் தின்றுவிடும்’ என்று பயமுறுத்துவார்கள். ஆனால் துணைநார் பற்றிப் பேசுகிறவர்களுக்கு முக்கியமானது அதில் அடுத்து வரும் பகுதி. இன்னொரு பிரிவு எலிகளுக்கு அந்தக் குழு முழுத்தானிய நாருக்குப் பதிலாகத் தூய்மைப்படுத்திய கரையும் நார்களின் கலவையைக் கொடுத்துப் பார்த்தது. கடையில் பொடியாகக் கிடைப்பவற்றுக்கு ஒப்பானவை. படலம் காப்பாற்றப்படவில்லை. தானியத்தின் செல்சுவரில் பல்வேறு மாவுப்பொருள்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்கவே பலவகை நுண்ணுயிர்கள் கூட்டாக நெடுநேரம் உழைக்க வேண்டும். உரித்தெடுத்த ஒற்றை நார் அப்படியல்ல.

இப்போது சார்ல்ஸ்டனுக்குத் திரும்பலாம். அங்கே பயன்பட்ட இசப்கோல் தானியம் அல்ல; முழங்கால் உயரம்கூட வளராத ஒரு குளிர்காலச் சிறுசெடி. உலகச் சந்தைக்கு வரும் உமியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போகிறது. குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேச வயல்களில் விளைந்து, வட குஜராத்தின் உஞ்சாச் சந்தையில் விலைபோய், சித்பூரைச் சுற்றியுள்ள ஆலைகளில் விதையிலிருந்து உமி உரிக்கப்படுகிறது. மிகுதியாக வாங்கும் நாடு அமெரிக்கா. நம் வீடுகளில் தாத்தா ராத்திரி வெந்நீரில் கலக்கிக் குடிப்பதும், அங்கே ஆரஞ்சு மணத்துடன் டப்பாவில் வருவதும் ஒன்றேதான்.

இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி வழுவழுப்பான கூழாகும். அந்தக் கூழ் சிறுகுடலில் உணவோடு கலந்து சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. பித்த அமிலங்களைப் பிடித்துவைத்து வெளியேற்றுகிறது. இழந்த பித்த அமிலத்தை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துச் செலவழிக்கிறது. பெருங்குடலில் மலத்தை இளக்குகிறது. ஆனால் நுண்ணுயிர்களால் அதை அவ்வளவாகப் புளிக்கவைக்க முடிவதில்லை. கடைசிவரை கூழாகவே பயணம் செய்து வெளியேறுகிறது. அது மலச்சிக்கலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஒருசேர உதவும் மர்மம் இதில்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மருத்துவ இதழ்களில் மிகத் தெளிவாக விளக்கி எழுதியவர்களில் ஒருவர் அந்த உமியை விற்கும் நிறுவனத்திலேயே ஆய்வாளராக இருந்தவர் என்பது கவனிக்க வேண்டியது. அவர் சொல்வது தவறல்ல; சொல்லத் தேர்ந்தெடுத்ததில் வியாபாரமும் உண்டு.

புளிக்காத நாரிலிருந்து பியூட்டிரேட் கிடைக்காது. அழற்சியைத் தணிக்கும் பாதைகளில் முக்கியமானது அந்த அமிலங்கள் வழியாகப் போகிறது என்றால், இசப்கோலிடம் அதை எதிர்பார்த்ததே பொருந்தாது. 2008-ன் தோல்வி, என் கணிப்பில், தற்செயல் அல்ல. நல்ல பொருளிடம் அதற்கில்லாத வேலையைக் கேட்டார்கள்.

அப்படியானால் நன்றாகப் புளிக்கும் நாரைக் கொடுத்தால்? இங்கேதான் இனுலின் வருகிறது. வெங்காயம், பூண்டு இவற்றில் இயல்பாக உள்ள இந்த நாரை ஆலைகள் பெரும்பாலும் சிக்கரிக் கிழங்கிலிருந்து எடுக்கின்றன. பெல்ஜியம் அதற்குப் பெயர்போனது. நம் ஃபில்டர் காப்பிப் பொடியில் கலக்கிறோமே, அதே சிக்கரிதான். (அதை நினைத்து யாரும் இரண்டாவது டம்ளர் கேட்க வேண்டாம், வறுக்கும்போது இனுலினின் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது.) அட்லாண்டாவின் ஆண்ட்ரூ கெவிர்ட்ஸ் குழு 2018-ல் எலிகளிடம் செய்த சோதனையில், கொழுப்புத் தீனியோடு இனுலினைச் சேர்த்தபோது சுருங்கிப்போயிருந்த பெருங்குடல் மீண்டது, நுண்ணுயிர்கள் சுவரை நெருங்குவது நின்றது, எடையும் அழற்சியும் குறைந்தன. புளிக்காத செல்லுலோஸால் அந்தப் பலன் வரவில்லை. கோட்பாடு அச்சொட்டாகப் பலித்தது போல இருந்தது.

அதே ஆண்டு அதே இனுலின் இன்னொரு முகத்தைக் காட்டியது. ஒஹையோ மாநிலத்தின் டோலிடோ பல்கலைக்கழகத்தில் விஜய்குமார் தலைமையிலான குழு, பிறவியிலேயே ஒரு நோயெதிர்ப்பு வாங்கி இல்லாத, குடல் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்த எலிகளுக்கு இனுலின் சேர்த்த தீனியை மாதக்கணக்கில் கொடுத்தது. சிலவற்றுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பின்னர் கல்லீரல் புற்றுநோய் வந்தது. கெவிர்ட்ஸும் இந்த ஆய்வில் பங்காளி. நுண்ணுயிர் கெட்டிருக்கும் குடலில் கட்டுப்பாடற்ற நொதிப்பு கல்லீரலுக்குச் சுமையாகிறது என்பது அவர்கள் முடிவு. எலிக்கு நடந்ததால் மனிதனுக்கும் நடக்கும் என்று சொல்ல இதில் இடமில்லை. ‘நார்தானே, கெடுதல் என்ன செய்துவிடும்’ என்ற அலட்சியத்துக்கும் இடமில்லை.

மனிதர்களிடம் என்ன? லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கேரி ஃப்ராஸ்ட் குழு, எடை கூடிய 12 பேருக்கு நாளுக்கு 20 கிராம் வீதம் மூன்று பொருள்களை ஒவ்வொன்றாக 42 நாள் கொடுத்தது: செல்லுலோஸ், இனுலின், புரோப்பியோனேட்டைப் பிணைத்த இனுலின். 2019-ல் வந்த முடிவு இது: பின்னிரண்டும் இன்சுலின் எதிர்ப்பைக் குறைத்தன. புரோப்பியோனேட் பிணைத்தது ஐ.எல்.-8 என்ற அழற்சிக் குறியீட்டையும் குறைத்தது. தனி இனுலினால் அழற்சியில் மாற்றம் இல்லை. 12 பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் இன்சுலின் எதிர்ப்பும் அழற்சியும் எப்போதும் கைகோத்தே இறங்கும் என்று எண்ணியவர்களுக்கு இது ஓர் இடறல்.

இதைவிடத் துல்லியமாகத் துணைநாரைச் சோதித்தது ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ஸ்னைடர் குழு. 2022-ல் வெளியான அந்த ஆய்வில் 18 பேர். அரபினோசைலான் என்ற நாரையும் இனுலினையும் தனித்தனியே, முதல் வாரம் நாளுக்கு 10 கிராம், அடுத்த வாரம் 20, அதற்கடுத்த வாரம் 30 என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். அரபினோசைலான் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைத்தது. (இசப்கோல் உமியின் முதன்மையான பகுதியும் அரபினோசைலான் வகைதான்.) இனுலின் நன்மை செய்யும் பிஃபிடோ நுண்ணுயிர்களைப் பெருக்கியது. ஆனால் 30 கிராமைத் தொட்டபோது சிலருக்கு அழற்சி ஏறியது. கல்லீரல் நொந்திருப்பதைக் காட்டும் ஏ.எல்.டி. நொதியும் ஏறியது. எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு. ஒரே பொருள், ஒரே அளவு, ஒருவருக்குப் பிஃபிடோ, இன்னொருவருக்கு அழற்சி. சராசரியை மட்டும் அச்சிட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஸ்டான்ஃபோர்டிலேயே ஜஸ்டின் சோனன்பர்க், கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழுவினர் 2021-ல் வெளியிட்ட ஆய்வு உணவைப் பற்றியது, பொடியைப் பற்றியது அல்ல. உடல்நலமுள்ள 36 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி நார்ச்சத்தை நாளுக்கு சுமார் 22 கிராமிலிருந்து 45 கிராமுக்கு உயர்த்தியது. மறுபாதி தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளை நாளுக்கு ஆறு பங்குவரை கூட்டியது. புளித்த உணவு உண்டவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார் கூட்டியவர்களுக்கு அப்படி ஒருசீராக எதுவும் நடக்கவில்லை. அவர்களுக்குள் மூன்று வகைப் போக்கு தெரிந்தது. தொடக்கத்திலேயே பலவகை நுண்ணுயிர்களைக் குடலில் வைத்திருந்தவர்களுக்கு அழற்சி குறைந்தது. அந்த வளம் இல்லாதவர்களில் சிலருக்குக் கூடியது. தின்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் விருந்து சமைத்து என்ன பயன்? உடற்பருமன் உள்ளவர்களிடம் நுண்ணுயிர் வகை குறைந்திருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி. 2007-ல் ஒல்லியானவர்களுக்கு மட்டும் ஏன் சி.ஆர்.பி. இறங்கியது என்பதற்கு இதையும் ஒரு காரணமாக ஐயுறலாம். ஐயம்தான், அன்று அவர்களின் மலத்தை எடுத்து யாரும் நுண்ணுயிர் எண்ணவில்லை.

துணைநாருக்குச் சாதகமான சாட்சியும் இருக்கிறது. அதை மறைத்தால் நேர்மையாகாது. ஷாங்காய் மருத்துவர்கள் 2024-ல் வெளியிட்ட சோதனையில், எடை கூடிய 37 பேர் எட்டு வாரம் நாளுக்கு 40 கிராம் ‘செரிக்காத மாவு’ சாப்பிட்டார்கள். சிறுகுடலில் கரையாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும் மாவு இது. சராசரியாக 2.8 கிலோ எடை குறைந்தது, இன்சுலின் சிறப்பாக வேலை செய்தது, குடற்சுவரின் கசிவும் அழற்சியும் குறைந்தன. அவர்களின் அன்றாட உணவையும் ஆய்வுக்குழுவே அளந்து கொடுத்தது என்பதை மறக்கக் கூடாது.

செரிக்காத மாவு என்றதும் நமக்குப் பழைய சோறு நினைவுக்கு வரும். சமூக ஊடகங்களில் அதற்குக் கிடைத்திருக்கும் மகுடம் பெரிது. சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி மீண்டும் இறுகிச் செரிமானத்துக்கு அடங்காததாக மாறுகிறது என்பது உண்மை. எவ்வளவு? இந்தோனேசியாவில் அளந்து 2015-ல் வெளியிட்டார்கள்: புதிதாக வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம், ஒருநாள் குளிர்பெட்டியில் வைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். இரண்டரை மடங்கு என்று சொன்னால் மலைப்பாக இருக்கும். ஷாங்காயின் 40 கிராமை எட்ட அந்தச் சோற்றை நாளுக்கு இரண்டரைக் கிலோ சாப்பிட வேண்டும். அப்புறம் அழற்சியைப் பற்றி யோசிக்க நேரமிருக்காது. பழைய சோற்றுக்கு வேறு சிறப்புகள் உண்டு. அது புளித்த உணவு, உயிருள்ள நுண்ணுயிர்களைத் தருவது. சோனன்பர்க் ஆய்வின் இரண்டாவது பாதியோடுதான் அதைச் சேர்த்துப் பேச வேண்டும். செரிக்காத மாவின் கிடங்காக அல்ல.

இந்தக் கணக்குகளில் எல்லாம் ஊடே ஓடும் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். எடை குறைந்தால் அழற்சி தானாகவே குறையும். எடைக்குறைப்புச் சோதனைகள் பலவற்றைத் தொகுத்து 2007-ல் பார்த்தபோது, ஒரு கிலோ இறங்கினால் சி.ஆர்.பி. சராசரியாக லிட்டருக்கு 0.13 மில்லிகிராம் இறங்குவது தெரிந்தது. எனவே ஒரு துணைநார் எடையையும் அழற்சியையும் சேர்த்துக் குறைத்தால், அழற்சி நாரால் குறைந்ததா, கொழுப்பு கரைந்ததால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஷாங்காய் முடிவுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். நோயாளிக்கு எப்படிக் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ‘அழற்சி நீக்கும் நார்’ என்று லேபிள் ஒட்டி விற்பவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

உணவிலுள்ள நாருக்கான சாட்சியம் இதைவிடப் பெரிது. நியூஸிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜிம் மன் குழு, உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 185 மக்கள்தொகை ஆய்வுகளையும் 58 சிகிச்சைச் சோதனைகளையும் தொகுத்து 2019-ல் வெளியிட்டது. நார் மிகுதியாக உண்பவர்களிடம் மரணம், மாரடைப்பு, சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 சதவீதம்வரை குறைவு; நாளுக்கு 25 முதல் 29 கிராம்வரை எட்டும்போது பலன் நன்கு தெரிகிறது. அதையொட்டி, பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்தது. ஆனால் நார் மிகுதியாக உண்பவர் பயறும் கீரையும் பழமும் உண்பவர். நாரோடு மக்னீசியமும் தாவர நிறமிகளும் உள்ளே போகின்றன. மைதாவும் வறுவலும் தட்டிலிருந்து விலகுகின்றன. பலனில் எத்தனை பங்கு நாருடையது என்று யாராலும் கிராம் கணக்கில் பிரிக்க முடியவில்லை.

பர்க்கிட்டின் கேள்விக்கு நேரடியான பதில் போல அமைந்த ஒரு சோதனையை இங்கே சொல்லத் தோன்றுகிறது. பிட்ஸ்பர்க்கின் ஸ்டீஃபன் ஓ’கீஃப், அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேரையும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரையும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொள்ள வைத்தார். அமெரிக்கர்களின் தட்டில் நார் சுமார் 14 கிராமிலிருந்து 55 கிராமுக்கு ஏறியது, கொழுப்பு குறைந்தது. ஆப்பிரிக்கர்களுக்கு நேர்மாறு. 2015-ல் வெளியான முடிவின்படி, அந்த இரண்டே வாரத்தில் அமெரிக்கர்களின் குடற்சுவரில் அழற்சி குறைந்தது, பியூட்டிரேட் உற்பத்தி பெருகியது. ஆப்பிரிக்கர்களின் குடலில் எல்லாம் தலைகீழானது. இது குடற்சுவரின் அழற்சி, கொழுப்புத் திசுவின் அழற்சி அல்ல. மாற்றியதும் நாரை மட்டும் அல்ல, தட்டு முழுவதையும். துணைநார்ச் சோதனைகளில் கிடைக்காத தெளிவு இதில் கிடைத்ததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

நம் தட்டில் நிலைமை என்ன? தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு நார் 3 கிராமுக்கும் குறைவு, கேழ்வரகில், கம்பில் 11 கிராமை ஒட்டி, முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராம், கொய்யாவில் எட்டரை. மூன்று வேளையும் வெள்ளை அரிசியைச் சோறாகவும் இட்லியாகவும் தோசையாகவும் உண்ணும் வீட்டில் 25 கிராம் எட்டுவது சிரமம். அங்கே மாலை நேரச் சுண்டல் ஒரு கிண்ணம் செய்வதை எந்த டப்பாவும் செய்வதில்லை.

இதனால் இசப்கோலைத் தூக்கிப் போட வேண்டும் என்று பொருள் இல்லை. மலச்சிக்கலுக்கும் கெட்ட கொலஸ்ட்ராலுக்கும் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரைக்கும் அது உதவுவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அந்தக் காரணங்களுக்காக மருத்துவர் எழுதித்தந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் போதாமல் விழுங்கினால் தொண்டையிலேயே ஊறி அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லையேல் கூழ் மருந்தையும் பிடித்துவைக்கும். இனுலின் போன்ற புளிக்கும் நார்களைச் சிறிதளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவது வயிற்று உப்புசத்தைத் தவிர்க்கும். 30 கிராமை நோக்கிப் போட்டி போட வேண்டியதில்லை. கல்லீரல் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது என்பேன்.

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் எதை ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதும் பயன்தரும். 1998-ல் இசப்கோலுக்கு ஒரு வாசகத்தை டப்பாவில் அச்சிட அனுமதித்தது: நாளுக்கு 7 கிராம் கரையும் நார் இதய நோய் ஆபத்தைக் குறைக்கலாம் என்பது. கொலஸ்ட்ரால் சோதனைகளின் வலுவில் வந்த அனுமதி அது. பின்னர், பிரித்தெடுத்த எந்தப் பொருளையும் ‘நார்ச்சத்து’ என்று லேபிளில் கணக்குக் காட்ட வேண்டுமானால் அது உடலுக்கு ஒரு நன்மையாவது செய்வதாக நிரூபிக்க வேண்டும் என்று விதி வைத்தது. 2018-ல் இனுலினும் அந்த வாசலைத் தாண்டியது. எதை நிரூபித்துத் தாண்டியது என்றால், குடலில் கால்சியம் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்பதை. சர்க்கரை குறைதல், கொலஸ்ட்ரால் குறைதல், ரத்த அழுத்தம் குறைதல், மலம் இளகுதல், தாது உறிஞ்சப்படுதல், உண்ணும் அளவு குறைதல் என்று அந்த நிர்வாகம் எடுத்துக்காட்டாகச் சொன்ன நன்மைகளின் பட்டியலில் அழற்சி இல்லை.